எம்8 டேப் மூன்றாவது முறை வாங்கியாயிற்று, இனி டிராலி வாங்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம் வீடு. இருபது வருடம் கல்ஃபில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்து, ரப்பர் ஷீட் அடிக்கிற எங்கள் கொட்டகையிலேயே சின்ன லேத்தும் பெஞ்ச் டிரில்லும் போட்டிருக்கிறேன். எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்றே தெரிவதில்லை. 8 மில்லி போல்ட்டுக்குத் துளையில் மரை வெட்டுகிற எம்8 டேப் செட் இந்த வருடம் மூன்றாவது முறை வாங்கினேன். பழைய இரண்டும் அப்புறம் கிடைத்தன, ஒன்று துருப்பிடித்து. ஆன்லைனில் ஏழு டிராயர் டிராலி, உள்ளே ஸ்பாஞ்சு போட்டது, 28,000 ரூபாய். சரக்குக் கணக்கு வைக்கும் ஒரு ஆப் மாதம் 300 ரூபாய். இரண்டையும் வாங்கலாமா?

பதில்: ஆப் வேண்டாம். டிராலி வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம், அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை என்று. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் கேனும் அங்கேதானே இருக்கும்? மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் ஊற்றும்போதும் மூடும்போதும் ஆவி வந்துகொண்டேதான் இருக்கும், இரும்புக்கு அது எமன். என் சொந்தக்காரர் ஒருவர் கொட்டகையில் நானே பார்த்தேன். கேனுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்திருந்த டிரில்கள் செங்கல் நிறத்துக்கு மாறி, விரலால் தொட்டால் பொடியாக ஒட்டியது. அதே பெட்டியிலிருந்து எடுத்து வீட்டு வராந்தாவில் வைத்திருந்த இரண்டு மட்டும் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தன. முதலில் கேனை வெளியே, தனிச் சாய்ப்புக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் எந்த டிராலி வாங்கினாலும் உள்ளே துருதான். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, கூடவே கடல் காற்று. இரும்பு காய்ந்து கிடக்கிற மாதங்களே குறைவு.

அதனால்தான் அந்த ஸ்பாஞ்சும் எனக்குப் பிடிக்கவில்லை. படத்தில் அழகாக இருக்கும், ஆனால் மெத்தை மாதிரி மெதுமெதுப்பாக இருந்தால் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மைக்ரோமீட்டரோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சினால் எடுத்து எறிந்துவிடலாம், முத்தாக உருண்டு நின்றால் வைத்துக்கொள்ளலாம். அளக்கிற கருவிகளை லேசாக எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், 120 டிகிரியில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். சமையல் பாத்திரத்தில் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் முழுவதையும் தார்ப்பாயில் கொட்டி ஒரே ரகமெல்லாம் ஒரு குவியலாகச் சேருங்கள். எத்தனை டிராயர் வேண்டும், எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். என் அனுபவத்தில் இரண்டு அங்குல ஆழமே பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆழம் கூடினால் சாமான் மேல் சாமான் விழும், அடியில் போனது கண்ணில் படாது, கண்ணில் படாததைத்தான் நாம் திரும்ப வாங்குகிறோம். டேப்பை வேலையோடு சேர்த்து வையுங்கள்: எம்8 செட்டில் வரும் மூன்று டேப்பும், அதற்கு முன்னால் துளை போடுகிற 6.8 மில்லி டிரில்லும் ஒரே பையில். 1 மில்லி பிட்ச், அதாவது மரை இடைவெளி, உள்ள எம்8 வைத்திருந்தால் அதற்கு 7 மில்லி டிரில், அது வேறு பை. லேத்தில் வெட்டும் முனையாக மாட்டுகிற கார்பைடு இன்சர்ட்டை மட்டும் அதன் சொந்த டப்பாவை விட்டு எடுக்கவே கூடாது. டிஎன்எம்ஜி 160404-க்கும் 160408-க்கும் வித்தியாசம் மூக்கு வளைவில்தான், 0.4 மில்லியும் 0.8 மில்லியும், கலந்துவிட்டால் பிரிக்கிறது பெரும்பாடு.

கம்பிகளை டிராலியில் ஏற்ற வேண்டாம். மில்லியில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மில்லி உருட்டு ஒரு மீட்டர் 3.85 கிலோ, பத்து துண்டு போட்டால் டிராயர் சேனல் தொங்கிவிடும். அவற்றுக்குச் சுவரில் ஸ்டாண்டு. எம்எஸ் என்கிற சாதா இரும்பும் அதைவிடக் கெட்டியான என்8-ம் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் என்பதால் ஒரு முனையில் பெயிண்ட் அடித்து, எப்போதும் மறுமுனையிலிருந்தே வெட்டுங்கள், எந்த நிறம் எது என்று சுவரிலேயே எழுதிவிடுங்கள்.

கணக்கு? ஸ்பானரும் டேப்பும் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை, அவற்றுக்கு டிராயரின் போட்டோ போதும். தீர்கிற சாமானுக்கு, அதாவது கட்டிங் வீல், எமரி, ஆயில் இவற்றுக்கு, கடைசிப் பாக்கெட்டில் ஒரு சீட்டைக் கட்டுங்கள். அதை உடைக்கிற அன்று சீட்டு கதவோர ஆணிக்குப் போகும், நாகர்கோவில் போகும்போது சட்டைப் பைக்குப் போகும். மாதம் 300 என்றால் வருடத்துக்கு 3,600, அந்தக் காசுக்கு நல்ல டிரில் செட்டே பார்க்கலாம்.

டிராலியை நேரில் பார்த்து வாங்குங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும், 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லி, 22 கேஜ் 0.7 சொச்சம். வெர்னியரைக் கையோடு கொண்டு போய் அளந்து பாருங்கள், பெயிண்டையும் சேர்த்துத்தான் காட்டும் என்பது நினைவிருக்கட்டும். ஊரில் ஸ்டீல் பீரோ செய்கிறவரிடம் உங்கள் அளவுக்குச் செய்யவும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணனுக்காக 1 முதல் 13 மில்லி வரை 25 டிரில் உள்ள பெட்டியை ஆன்லைனில் வாங்கினேன். உள்ளே 19 தான் இருந்தது. பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: அரை மில்லி இடைவெளியில் 1 முதல் 13 வரை என்றால் 25 வர வேண்டும், 19 என்பது 10 மில்லியோடு நிற்கிற செட். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகளே சொல்கின்றன தங்கச்சி, பிரித்துப் பார்க்காமல் எண்ணுவது எப்படி? அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வந்த அட்டைப்பெட்டியை மட்டும் எரித்துவிடாதீர்கள், விற்றவரின் பெயரும் முகவரியும் அதில் ஒட்டியிருக்கிற சீட்டில் இருக்கும்.