தென்னாப்பிரிக்காவில் கணினி படித்தவர்களை வேலைக்குத் தயார்படுத்த பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து என்ன செய்யலாம்?

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் மென்பொருள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டிப்ளமோ மாணவர்கள் வருடா வருடம் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பாடத்திட்டத்தை மாற்றுவதில் ஆரம்பிக்காதீர்கள். புதிய படிப்பு என்றால் உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம், தகுதி ஆணையத்தின் பதிவு என்று வருடங்கள் ஓடிவிடும். வகுப்பில் கொடுக்கும் பயிற்சிக் கணக்கை அடுத்த வாரமே மாற்றலாம்.

எங்களிடம் வந்த ஒரு மாணவிக்கு டேட்டாபேஸ் நன்றாகவே தெரியும். ஆனால் அதுவரை அவள் பார்த்ததெல்லாம் நூலகப் புத்தகம், மாணவர் மதிப்பெண் என்று பாடத்துக்காகவே செய்துவைத்த சுத்தமான அட்டவணைகள். எங்கள் கன்டெய்னர் பட்டியலைத் திறந்ததும் திகைத்துவிட்டாள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' எழுத்து, நடுவில் இடைவெளி, ஒரே பெட்டி இரண்டு தடவை. கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்தும் 7 இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே உள்ளது. முன்னால் உள்ள ஒவ்வொன்றின் மதிப்பையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது (மீதி 10 என்றால் 0). மீதி காண்பது அவள் முதல் வருடத்திலேயே படித்ததுதான், எங்கே பயன்படும் என்றுதான் யாரும் காட்டவில்லை. விளக்கிச் சொன்னதும் அவளே ஒரு சின்ன நிரல் எழுதினாள். தப்பான எண்ணைப் பதிவு செய்யும்போதே அது பிடித்துவிடுகிறது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

இப்படிக் குழம்பிக் கிடக்கும் தரவை இரண்டாம் வருட வகுப்புக்கே நிறுவனங்கள் கொடுக்கலாம். கேட்டால் 'பாப்பியா' இடம் கொடுக்காது என்பார்கள். 2021 ஜூலை முதல் எல்லா நிறுவனங்களும் கடைப்பிடித்தாக வேண்டிய தகவல் பாதுகாப்புச் சட்டம் அது. ஆட்களின் பெயர், ஐடி எண், போன் நம்பர் எல்லாவற்றையும் நீக்குங்கள். அந்தச் சட்டம் கம்பெனிகளின் தகவலையும் காப்பதால் வாடிக்கையாளர் பெயரையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் மிஞ்சுவது பெட்டி எண்ணும் தேதியும்தான். அதைக் கொடுக்க என்ன தடை?

பணம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1999-இல் வந்த சட்டப்படி, ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. பயிற்சித் திட்டத்தையும் அறிக்கையையும் ஒழுங்காகக் கொடுத்தால், கட்டியதில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். வேலையோடு படிக்கும் லேர்னர்ஷிப்புக்கு வருமான வரியில் கழிவும் உண்டு. இல்லாதது சொல்லிக்கொடுப்பவரின் நேரம்தான். மாணவரோடு உட்காரும் சீனியருக்கு அந்த நேரம் வேலைக் கணக்கில் சேராது. அவர் தன் வேலையை முடிக்க ஓடுவார், மாணவர் மூலையில் ஃபைல் ஸ்கேன் செய்துகொண்டிருப்பார். ஆகவே ஒப்பந்தம் போடும்போதே பல்கலைக்கழகம் கேட்க வேண்டும்: யார் சொல்லிக்கொடுப்பார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கும் எச்.ஆர். மேலாளரை விட்டுவிட்டு அந்த ஆளையே கூப்பிடுங்கள்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. டிவெட் எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் என்6 என்ற கடைசி நிலையைத் தேறினாலும், 18 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் தேசிய டிப்ளமோ கைக்கு வரும். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களிலும் பல டிப்ளமோக்களுக்கு வேலையிடப் பயிற்சி கட்டாயம். ஆனால் இடம் தேடுவது பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது. காவடி நாளில் நம் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் கோயிலுக்குப் போனால், "அண்ணா, உங்க ஆபீஸ்ல எங்க பையனுக்கு ஒரு இடம் பாருங்களேன்" என்று யாராவது ஒரு அம்மா கேட்காமல் இருப்பதில்லை. பெற்ற மனசு, கேட்கத்தான் செய்யும். ஆனால் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வரும் பிள்ளைக்காக என்னிடம் யார் வந்து கேட்பார்கள்? இத்தனை இடம் உறுதி என்று நிறுவனங்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு அதன் பிறகு மாணவர்களைச் சேர்ப்பதுதான் நியாயம். இடத்தையும் பல்கலைக்கழகமே ஒதுக்க வேண்டும்.

வேலையையும் படிப்பையும் சேர்த்துப் பார்ப்பது டர்பனுக்குப் புதிதல்ல. பகலெல்லாம் உழைத்த இந்தியர்களுக்கு மாலையில் வகுப்பு நடத்திய முயற்சிகளிலிருந்து வளர்ந்ததுதான் எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி. 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்த அந்த சுல்தான் பின்னாளில் அள்ளிக் கொடுத்த நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. 1946-இல் உருவான அந்தக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு கலந்துவிட்டது.

நீங்கள் நிறுவனத் தரப்பில் இருந்தால் ஒரு வேண்டுகோள். உதவித்தொகையை முதல் வாரத்திலேயே கொடுங்கள். மாதக் கடைசியில்தான் என்றால், அதுவரை மினிபஸ் டாக்சிக்கு அந்தப் பிள்ளை யாரிடமாவது கைநீட்ட வேண்டும். நன்றாக வேலை கற்றுக்கொண்டிருந்தவர்கள் வண்டிக் காசு இல்லாமல் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். மானியம் வரத் தாமதமானாலும், முதல் மாதப் பணத்தை நிறுவனமே முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.