ஒலி முடிந்துவிட்டதைச் செயலி எப்படி அறியும்?

கேள்வி: கோயில் வகுப்பொன்றில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் கிரியோல் மொழியே பேசும் பிள்ளைகள் ழகர உச்சரிப்பைப் பழகுவதற்காக ஆண்டிராய்டில் ஒரு சிறு செயலி எழுதியிருக்கிறேன். ‘வாழை’, ‘மழை’ என்று என் குரல் ஒலித்து முடிந்ததும், மைக் தானாகத் திறந்து பிள்ளையின் குரலைப் பதிவு செய்ய வேண்டும். கோப்பின் நீளத்தை மீடியாபிளேயரிடம் (ஆண்டிராய்டில் ஒலியை இயக்கும் கூறு) கேட்டுப் பெற்று, அவ்வளவு நேரத்துக்கு டைமர் வைத்திருக்கிறேன். என் கைப்பேசியில் சரியாக இயங்குகிறது. பிள்ளைகளின் கைப்பேசிகளிலோ, சில வேளைகளில் என் குரலின் ‘ழை’ அவர்களுடைய பதிவுக்குள் வந்து விழுகிறது. என்ன செய்யலாம்?
– தமிழாசிரியை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: டைமரை எடுத்துவிடுங்கள். அது கடிகாரத்தைத்தான் பார்க்கிறது, ஒலியைப் பார்ப்பதில்லை. ‘ஸ்டார்ட்’ என்று கட்டளையிட்ட கணத்திலேயே எல்லாக் கைப்பேசிகளிலும் ஒலி வெளிவந்துவிடுவதில்லை. பிள்ளை இடையில் நிறுத்தி வைத்தாலும் டைமர் ஓடிக்கொண்டேயிருக்கும். போதாததற்கு, பிட் வீதம் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே செல்லும் எம்பி3 கோப்பின் தலைப்பகுதியில் உரிய குறிப்பு இல்லாவிட்டால், பிளேயர் சொல்லும் நீளமே ஒரு மதிப்பீடுதான். ஒலி எந்த இடத்தை எட்டியிருக்கிறது என்று அடிக்கடி கேட்டு, அதை மொத்த நீளத்தோடு ஒப்பிடும் வழக்கமும் உண்டு. அந்த இரண்டு எண்களும் இம்மி பிசகாமல் சமமாகும் என்று நம்ப முடியாததால், அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவை அறிவிக்க வேண்டியது பிளேயரே. மீடியாபிளேயரில் ‘செட்ஆன்கம்ப்ளீஷன்லிசனர்’ என்ற செயல்கூறு இருக்கிறது. ஒலியைத் தொடங்குவதற்கு முன்பே அதில் உங்கள் நிரலைப் பதிந்து வையுங்கள். கோப்பின் இறுதியை எட்டியதும் ‘ஆன்கம்ப்ளீஷன்’ அழைக்கப்படும், மைக்கை அங்கே திறக்கலாம். நிறுத்தி வைத்தாலோ ‘ஸ்டாப்’ கொடுத்தாலோ அந்த அழைப்பு வராது. ‘லூப்பிங்’ (ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் அமைப்பு) இயக்கப்பட்டிருந்தால் ஒருபோதும் வராது. முடிந்த நிலையிலேயே மறுபடி ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் ஒலி முதலிலிருந்து தொடங்கும் என்பதால், ‘மீண்டும் கேள்’ பொத்தானுக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. கோப்பு பழுதடைந்து பிழை நேர்ந்தால், பிழைக்கென்று தனி லிசனர் (நிகழ்வு நேர்ந்ததும் அழைக்கப்படும் நிரல்) இல்லாதபோதும், இருந்தும் அது ‘ஃபால்ஸ்’ (கையாளவில்லை) என்று திருப்பியனுப்பும்போதும், ஆண்டிராய்டு அதே ‘ஆன்கம்ப்ளீஷனை’ அழைத்துவிடும். மொபைல் டேட்டாவில் பாதியளவே இறங்கி, ஒலிக்க முடியாமல் போன கோப்பைத் திறந்த பிள்ளை, எதையும் கேட்காத நிலையில், ‘இப்போது நீ சொல்’ என்ற திரையைப் பார்த்துத் திகைத்து நிற்கும். ஆகவே ‘ஆன்எரர்’ லிசனரையும் கட்டாயம் எழுதி, அதில் ‘ட்ரூ’ (கையாண்டாயிற்று) திருப்பியனுப்பி, கோப்பை மறுபடி இறக்கச் சொல்லும் செய்தியைக் காட்டுங்கள்.

தொலைபேசி அழைப்பு வரும் வேளையையும் நீங்கள் கருத வேண்டும். ஆண்டிராய்டு 12 முதல், அழைப்பு வரும்போது பிற செயலிகளின் ஒலியை இயங்குதளமே அடக்கிவிடுகிறது; ஆனால் ஒலி அடங்குவதால் பிளேயர் நின்றுவிடுவதில்லை, அது காதுக்கு எட்டாமலே ஓடி முடிந்து, முடிந்ததாகவும் அறிவித்துவிடும். ‘ஆடியோ ஃபோகஸ்’ (ஒலிப்பதற்கான உரிமை) கேட்டுப் பெற்று, அது பறிபோகும்போது நீங்களே பிளேயரை நிறுத்தி வைப்பதுதான் இதற்குத் தீர்வு. வகுப்பில் புளூடூத் ஒலிபெருக்கி வைத்திருந்தால், அதில் ஒலி சற்றுத் தாமதித்தே வெளிவரும் என்பதால், அறிவிப்பு வந்த பின்னும் அரை நொடி பொறுத்து மைக்கைத் திறப்பது நல்லது. ழகரத்தைத் திருத்த வேண்டிய பதிவில் ஆசிரியையின் குரல் துளியும் கலக்கக் கூடாது அல்லவா?

கேள்வி: ஐபோன் செயலியில் ஒலியை இயக்க ‘ஏவிஆடியோபிளேயர்’ பயன்படுத்துகிறேன். ஒலி முடிந்ததும் வர வேண்டிய அழைப்பு வருவதேயில்லை.
– கல்லூரி மாணவர், காத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்: பிளேயரின் ‘டெலிகேட்’ (அதன் அறிவிப்புகளைப் பெறும் பொருள்) அமைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தத் தொடர்பு வலுவற்ற வகையைச் சேர்ந்தது. டெலிகேட்டாக இருக்கும் பொருளை வேறு எவரும் பிடித்து வைத்திராவிட்டால், அது நினைவகத்திலிருந்து நீங்கிவிடும், அழைப்பைப் பெற ஆள் இருக்காது. பிளேயரையும் ஒரு செயல்கூறுக்குள்ளான மாறியாக வைக்காமல், நிரலின் ‘கிளாஸ்’ உடைய பண்பாக வையுங்கள். ‘ஆடியோபிளேயர்டிட்ஃபினிஷ்பிளேயிங்’ வந்த பிறகும், அதனுடன் வரும் ‘சக்சஸ்ஃபுலி’ மதிப்பைப் பார்த்தே அடுத்த படிக்குச் செல்லுங்கள். கோப்பின் தரவை ஒலியாக மாற்ற (டிகோட் செய்ய) முடியாமல் நின்றிருந்தால் அது ‘ஃபால்ஸ்’ என்று வரும். இணையத்திலிருந்து நேராக ஒலிக்கச் செய்ய ‘ஏவிபிளேயருக்கு’ மாறுவீர்களானால், அங்கே டெலிகேட் கிடையாது. ‘ஏவிபிளேயர்ஐட்டம்டிட்பிளேடுஎண்ட்டைம்’ என்ற அறிவிப்பை, ஒலிக்கும் அந்த ஐட்டத்துக்கு (ஒலிக்கப்படும் கோப்பைக் குறிக்கும் பொருள்) மட்டும் உரியதாகப் பதிந்து எதிர்பார்க்க வேண்டும்.