எத்தனை இன்டர்வியூ வரும்?

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில் உயிரியல் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். இந்த ஜூனில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 4க்கு 3.4. முதலாண்டில் வேதியியலில் சறுக்கி ஒரு சி கிரேடு வாங்கினாள், பிறகு ஏறுமுகம்தான். டாட் என்ற பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் 450. 16 கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறாள். எத்தனை இன்டர்வியூ வரும், இடம் கிடைக்குமா என்று தினமும் கணக்குப் போடுகிறோம். அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கலாமா என்றும் கேட்கிறாள். உங்கள் அண்ணன் மகள் இதே வழியில் போனதாக எழுதியிருந்தீர்கள். வழி சொல்லுங்கள்.

ரா.

அன்புள்ள ரா.,

அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்காவது இடம் கிடைத்துவிடுகிறது. மனதைத் தேற்றிக்கொள்ள இது உதவும். உங்கள் மகளுக்கு எத்தனை அழைப்பு வரும் என்பதை மட்டும் இதைக்கொண்டு கணிக்க முடியாது. அந்த 16 பெயர்கள் எவை, விண்ணப்பம் என்றைக்குப் போய்ச் சேருகிறது, இந்த இரண்டையும்தான் நான் முதலில் கேட்பேன்.

சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.6ஐ ஒட்டி இருக்கிறது. 3.4 அதற்குக் கீழேதான். ஆனால் சராசரிக்குக் கீழே இருப்பவர்களும் ஒவ்வோர் ஆண்டும் சேர்கிறார்கள். 450 நல்ல மதிப்பெண். (2025 மார்ச் முதல் டாட் 200–600 என்ற அளவுக்கு மாறிவிட்டது. முன்பு எழுதியவர்கள் 20, 22 என்று சொல்வதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.) சி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழையது அழியாது. பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆட்சாஸ் என்ற பொது விண்ணப்பத்தில் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் சேரும். சி மைனஸ் என்றால் கதை வேறு, பல கல்லூரிகள் அடிப்படைப் பாடங்களில் அதை ஏற்பதில்லை. சி என்றால் அந்த நேரத்தில் உயிர்வேதியியலோ உடலியங்கியலோ எடுத்து ஏ வாங்கட்டும். வேதியியல் அவளுக்கு வரும் என்பதை அது காட்டிவிடும்.

பட்டியலுக்கு வருகிறேன். மாநில அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் தங்கள் மாநிலத்தாருக்கே முன்னுரிமை தருகின்றன. ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகம் நார்த் கரோலினாவில் வசிப்பவர்களை மட்டுமே சேர்க்கிறது, வெளியிலிருந்து 3.9 ஜிபிஏவோடு போனாலும் பயனில்லை. ஒவ்வொரு கூடுதல் கல்லூரிக்கும் 100 டாலருக்கு மேல் கட்டணம். வெளிமாநிலத்தாரில் எத்தனை பேரை இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிப் பார்க்கட்டும். உங்கள் மாநிலக் கல்லூரி முதலில் இருக்க வேண்டும். பெயருக்காகச் சேர்த்தவை தானாக உதிர்ந்துவிடும்.

தேதி விஷயத்தில் எங்கள் வீட்டில் பட்டோம். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வரவே பார்த்து அழைக்கின்றன. என் அண்ணன் மகளோ, 4,500 எழுத்துக்குள் முடிக்க வேண்டிய சுயகட்டுரையைத் திருத்தித் திருத்தி செப்டம்பரில்தான் அனுப்பினாள். ஒரே ஒரு அழைப்பு. பிறகு காத்திருப்போர் பட்டியல். அதோடு அந்த ஆண்டு போயிற்று. அடுத்த ஆண்டு அதே டாட் மதிப்பெண்ணோடு ஜூன் முதல் வாரத்தில் அனுப்பினாள். ஐந்து அழைப்புகள் வந்தன. அன்று அவள் அம்மா அழுததை நான் மறக்கவில்லை.

அழைத்துவிட்டார்கள் என்றால் மதிப்பெண் பற்றிய பயத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் அழைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பேராசிரியரோடு அரைமணி நேரப் பேச்சு. சில இடங்களில் அறை அறையாகப் போய் ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் பதில் சொல்ல வேண்டும்: கூடப் படிப்பவன் காப்பியடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்பது போன்ற கேள்விகள். ஏன் பல் மருத்துவம், ஏன் பொது மருத்துவம் இல்லை என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். என் அண்ணன் மகள் முதல் தடவை மக்கள் சேவை என்று பொதுவாகச் சொன்னாள். அடுத்த தடவை, ஒரு பல் மருத்துவர் பக்கத்தில் நின்று தான் பார்த்த பெரியவரைப் பற்றிச் சொன்னாள். பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாராம். பல்செட் பொருத்திய அன்று கையை எடுத்துவிட்டுப் பேசினாராம். கேள்வி கேட்டவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டார் என்றாள்.

உங்கள் கடிதத்தில் ஷேடோயிங், அதாவது பல் மருத்துவர் பக்கத்தில் நின்று அவர் வேலையைப் பார்ப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. 100 மணி நேரமாவது இருந்தால் நல்லது என்பார்கள். உங்கள் மகள் எத்தனை மணி நேரம் பார்த்திருக்கிறாள்? அதையும் திருத்திய பட்டியலையும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்க்கிறேன்.