சாம்ப்ளரில் ஓர் எண்ணைக் காணோம்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டு மூதாட்டி வீட்டைக் காலி செய்தபோது, கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய சாம்ப்ளர் (தையல் பழக எழுத்தும் படமும் தைத்த துணி) ஒன்றைக் கொடுத்தார். எழுத்து வரிசை, ஒரு வீடு, இரண்டு மரம். கீழே ஒரு சிறுமியின் பெயர், வயது 9, பிறகு '18-4'. நடுவில் ஓர் எண் இல்லை. பழம்பொருள் வியாபாரி ஒருவர், "ஜே எழுத்து இல்லை, எனவே 1600களில் தைத்தது, வருடம் பின்னால் யாரோ சேர்த்தது. துவைத்து, எண்ணையும் தைத்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கேட்டால் துணி ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள்.

ஐ-யும் ஜே-யும் ஆங்கிலத்தில் வெகுகாலம் ஒரே எழுத்துதான். சிறுமிகள் பழைய மாதிரியைப் பார்த்துத் தைத்ததால், 1800க்குப் பிறகும் ஜே விடுபட்டுக்கொண்டே இருந்தது. 1600களின் சாம்ப்ளர் என்றால் பெரும்பாலும் ஒல்லியாக, நீளமாக, வரிவரியாகப் பூவேலை இருக்கும். அது சுருட்டி வைத்துப் பார்த்துத் தைக்கிற குறிப்பேடு. வீடும் மரமும் போட்டுச் சுவரில் மாட்டுவது பிற்காலத்துப் பழக்கம். உங்களுடையது 1800களைச் சேர்ந்ததுதான்.

சரி, எண் எங்கே போனது? தைத்த சிறுமியே வளர்ந்தபின் பிரித்திருப்பாள். வரவேற்பறையில் மாட்டியிருந்தால் வருகிறவர்கள் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்களே! பல சாம்ப்ளர்களில் இந்தக் குறும்பு உண்டு. லென்ஸ் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: ஊசி போன துளைகள் தெரியும், இழைத் துணுக்குகூட ஒட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே புது நூல் ஏறினால் அந்தத் தடயம் அழிந்துவிடும். வாய்ப்பு மொத்தம் பத்துதான்: 1804, 1814, இப்படி. பெயரும் வயதும் கையில் இருப்பதால் திருச்சபை ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடலாம்.

ஒரு விதிவிலக்கு. துணியில் உள்ள வருடம் தைத்த வருடமாகவே இருக்கும் என்பதில்லை. பிரிட்டனில் தேதியிட்டவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது ஜேன் பாஸ்டாக்கின் சாம்ப்ளர். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரண்டு வருடங்கள்: 1598, 1596. பின்னது ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த வருடம். அதை மட்டும் பார்த்தவர் இரண்டு வருடம் தவறியிருப்பார். அதேபோல் இறந்தவர் நினைவாகத் தைத்ததிலும் இறந்த வருடம் இருக்கும். எனவே வருடத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். உங்களுடையதில் பெயரும் வயதும் மட்டும் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

துவைப்பது? வேண்டவே வேண்டாம். ஒரு முறை என் மேசைக்கு வந்த துணியில் சிவப்பு எழுத்தெல்லாம் கரைந்து, வீட்டின் கூரைவரை ஊறியிருந்தது. துவைத்த வியாபாரி "பழசு அப்படித்தான்" என்றாராம். பழைய கறுப்பு, பழுப்பு நூல்களில் பெரும்பாலும் இரும்பு கலந்த சாயம் இருக்கும், தொட்டாலே பொடியலாம். புதுத்துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குகிறவர்களும் இவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருக்கும் ஓரத்தைப் பாருங்கள்: வெயில் படாத அங்கே நிறம் பளிச்சென்றிருந்தால், துணி உண்மையிலேயே பழையது என்பதற்கு நல்ல அடையாளம்.

அருங்காட்சியகத்துக்கு எழுதினால் "விலை மதிப்பிடுவதில்லை" என்று ஒரு வரி வரும். ஏலக்கூடத்தார் இலவசமாக மதிப்பிடுவார்கள், விற்கச் சொல்லி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வியாபாரி கடை போட்டிருக்கிறார். பழந்துணிகளைப் பராமரிக்கும் நிபுணரான ஜவுளிப் பாதுகாப்பாளரிடம் காட்டி, பின்னட்டையை மட்டும் அமிலமில்லாத அட்டையாக மாற்றச் சொல்லுங்கள். அதுவரை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள்.