நடிகர், பாடகர்களுக்கு மேனேஜராக இருப்பவர் படத் தயாரிப்பாளர் ஆவது நடக்கிற காரியமா?

நடக்கும். நம்ம ஊரில் கால்ஷீட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படம் எடுத்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும், அதை விடுகிறேன். கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் அமெரிக்காவின் ஜெர்ரி வைன்ட்ராப் (1937–2015). பல வருடங்கள் மெல்லிசைக் கச்சேரிகளுக்கு மேடை, நாற்காலி, சவுண்ட் ஏற்பாடு செய்து பிழைத்தவன் நான். அதனால் இந்த ஆள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். கலைஞர்களுக்கு வேலை பிடித்துத் தரும் வில்லியம் மோரிஸ் ஏஜென்சியின் தபால் அறையில் கடிதம் பிரித்துக்கொடுக்கிற வேலையில் சேர்ந்து, அப்புறம் எம்சிஏ ஏஜென்சிக்குப் போய், அதையும் விட்டுவிட்டுச் சொந்தமாகப் பாடகர்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை ஊர் ஊராக அழைத்துப் போய்க் கச்சேரி நடத்த வேண்டும் என்பது ஆசை. எல்விஸின் மேனேஜர் கர்னல் பார்க்கருக்குத் தினமும் காலையில் போன் போடுவார். தினமும் முடியாது என்ற பதில்தான் வரும். ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு, ‘நாளைக்குப் பத்து லட்சம் டாலரோடு லாஸ் வேகாஸ் வா’ என்றாராம் கர்னல். வைன்ட்ராப் கையில் சல்லிக்காசு இல்லை. அங்கே இங்கே போன் போட்டு, சியாட்டிலில் வானொலி நிலையங்கள் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கிக்கொண்டு போய் நின்றார். 1970-இல் எல்விஸ் மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பியது அப்படித்தான்.

அவர் தன் வாயால் சொன்ன இன்னொரு கதைதான் எனக்கு உயிர். ஃபுளோரிடாவில் மாலைக் காட்சிக்கு டிக்கெட் பறந்துவிட்டது. ஆசைப்பட்டு மதியமும் ஒரு காட்சி போட்டார். பாதி டிக்கெட் கூட விற்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தால் எல்விஸ் மனம் விட்டுவிடுவார் என்ற பயம். உள்ளூர் சிறைக் கைதிகளை வரவழைத்து, ஆயிரக்கணக்கான இருக்கைகளைக் கழற்றி வெளியே அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார். மதியக் காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள். எல்விஸுக்குத் தெரியவே தெரியாது. மதியத்தை விட ராத்திரிக் கூட்டம் சூடாக இருந்ததே என்று மட்டும் சொன்னாராம்! ஒரு சுற்று சேர்த்துத்தான் சொல்லியிருப்பார், அந்தத் தொழில் அப்படி.

ஆனால் நான் நம்புகிறேன். ஒரு கோயில் திருவிழாவில் மழை தூறி, ஆயிரம் நாற்காலிக்கு இருநூறு பேர்தான் வந்திருந்தார்கள். பாடகர் காரை விட்டு இறங்குவதற்குள் பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிப் பந்தலுக்குப் பின்னால் தள்ளி, பக்கவாட்டுத் துணியை உள்ளே இழுத்துக் கட்டினோம். மேடையிலிருந்து பார்த்தால் பந்தல் நிறைந்திருந்தது. அண்ணன் அன்றைக்கு மூன்று மணி நேரம் பாடினார்.

இந்தப் புத்திதான் தயாரிப்பாளருக்கும் வேண்டியது. கலைஞன் காதுக்குக் கெட்ட சேதி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பணம் வைத்திருப்பவனை ‘சரி’ சொல்ல வைக்க வேண்டும். வைன்ட்ராப், இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனின் ‘நாஷ்வில்’ (1975) படத்தில் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகச் சினிமாவுக்குள் வந்தார். 1977-இல் ‘ஓ, காட்!’ தயாரித்தபோது கதாநாயகன் அவரே நிர்வகித்து வந்த பாடகர் ஜான் டென்வர். ‘கராத்தே கிட்’ (1984), ‘ஓஷன்ஸ் லெவன்’ (2001) எல்லாம் அதற்கப்புறம். நடுவில் சொந்தமாக ஒரு பெரிய கம்பெனி தொடங்கி 1990-இல் திவாலானதும் உண்டு. டென்வரோடு உறவும் கசந்துதான் முடிந்தது.

ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஏஜென்ட் வேறு, மேனேஜர் வேறு. வேலை பிடித்துத் தருவது ஏஜென்ட். அதற்கு அரசு உரிமம் வேண்டும், கமிஷன் வழக்கமாக 10 சதவீதம். மேனேஜருக்கு உரிமம் தேவையில்லை, 15 வரை, சில சமயம் அதற்கு மேலும் வாங்குவார்கள், படமும் தயாரிக்கலாம். ஏஜென்சியே தயாரிப்பிலும் இறங்கினால் நடிகனுக்காகப் பேசுவதும் சம்பளம் கொடுப்பதும் ஒரே ஆளாகிவிடும். எம்சிஏ இரண்டையும் செய்துகொண்டிருந்தது. 1962-இல் அரசு தலையிட்டதும் ஏஜென்சியை இழுத்து மூட வேண்டியதாயிற்று.

மேனேஜர்களுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் சிக்கல் அதேதான். நகைச்சுவை நடிகர் கேரி ஷாண்ட்லிங் 1998-இல் தன் மேனேஜர் பிராட் கிரே மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். என் டிவி நிகழ்ச்சியில் தயாரிப்பாளராகவும் பங்குதாரராகவும் இருந்துகொண்டு என் நலனை எப்படிப் பார்த்திருப்பாய் என்பதுதான் சாரம். அடுத்த வருடம் சமரசம் ஆனது. கிரே 2005-இல் பாராமவுண்ட் ஸ்டுடியோவுக்கே தலைவராகிவிட்டார், அது தனிக்கதை.

அதனால் நீங்கள் மேனேஜராக இருந்து படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் நடிகரையே போட்டு எடுக்கும் படத்தில் அவர் சம்பளத்திலிருந்து கமிஷன் எடுக்காதீர்கள். ஹாலிவுட்டில் அப்படி எடுக்காமல் விடுவதுதான் பொதுவான நடைமுறை. தயாரிப்பாளர் சம்பளம் வாங்குகிறீர்கள் அல்லவா, அது போதும். அதைப் பூஜை போடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.