ஒருவருக்கு இரண்டே நிமிடத்தில் விசா, இன்னொருவருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு: தூதரகத்தில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

கேட்டவரின் நிலைமை இது: அவரும் நண்பரும் ஒரே நாளில் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போயிருக்கிறார்கள். சுற்றுலா விசா கேட்ட நண்பருக்கு உடனே கிடைத்துவிட்டது. ஆராய்ச்சிக்காக ஜே-1 விசா கேட்ட இவர் கையில், இப்போதைக்கு விசா இல்லை, இன்னும் ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி என்று சொல்லும் 221(ஜி) என்ற தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 'நேர்காணலில் நான் என்ன தப்பாகச் சொன்னேன்?' என்று கேட்கிறார்.

அநேகமாக ஒன்றுமே தப்பாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நான் விசா ஏஜென்ட் இல்லை. மும்பை செம்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியிலும் சயனிலும் இருக்கிற நம்ம ஜனங்கள் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறான். அம்மாவை அங்கே அனுப்ப பி1/பி2 என்கிற சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தபோது ஒரு பெரிய கோப்பு தயார் செய்தேன். வருமான வரி, வைப்புத்தொகை ரசீது, ஊர் நிலத்தின் பட்டா, சிட்டா எல்லாம் உண்டு. பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிற துணைத் தூதரகத்துக்குள் அம்மாவை அனுப்பிவிட்டு, அவருடைய கைபேசியையும் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நின்றேன். திரும்பி வந்ததும் முதல் பேச்சே திட்டுதான்: "எல, எதுக்குல இத்தன தாளச் சுமக்கச் சொன்ன? மவன் என்ன வேல பாக்கான்னு கேட்டா அந்தப் பொண்ணு. எத்தன நாளு இருப்பன்னு கேட்டா. பொங்கலுக்கு வந்துருவேன், எம் மருமவளுக்குப் பானை வைக்கத் தெரியாதுன்னு சொன்னேன். சிரிச்சா. அவ்ளோதான்." இத்தனையும் பம்பாய் இந்தியில். என் மனைவி இன்னும் அந்தப் பானைப் பேச்சை மன்னிக்கவில்லை.

கோப்பைத் தொடக்கூட இல்லை என்பதுதான் விஷயம். கவுண்டரில் இருப்பவருக்கு ஒரே கேள்விதான்: இவர் திரும்பி வருவாரா? அமெரிக்காவின் 1952 குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. தற்காலிக விசா கேட்கிறவர்களில் பெரும்பாலோரை 'நிரந்தரமாகத் தங்கத்தான் வருகிறார்' என்று முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அது. இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில். அதைத்தான் அந்த இரண்டு நிமிடத்தில் எடை போடுகிறார்கள். அம்மாவின் பொங்கல் பானை, பட்டாவைவிட நன்றாக வேலை செய்தது.

'இவர் யார்?' என்பது வேறு கேள்வி. அதற்குக் கவுண்டரில் நீங்கள் சொல்லும் பதிலைவிட டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பப் படிவமும் பத்து விரல் ரேகையும் முகப்படமும்தான் முக்கியம். பெயரைத் தூதரகங்களின் எச்சரிக்கைப் பட்டியலோடும், ரேகையை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, எஃப்பிஐ ஆகியவற்றின் பதிவுகளோடும் ஒப்பிடுகிறார்கள். ரேகைக்கென்று தனியாக ஒரு நாள் வரச் சொன்னது இதற்குத்தான். ஏதாவது இடித்தாலும், உங்கள் துறை நுட்பமான தொழில்நுட்பம் என்று தோன்றினாலும், கோப்பு வாஷிங்டனுக்குப் போகும். அங்கிருந்து பதில் வரும்வரை கவுண்டர் அதிகாரி விரும்பினாலும் கையெழுத்துப் போட முடியாது. அணுசக்தி, ஏவுகணை, வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், உயர்கணினி போன்ற துறைக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உங்களிடம் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலும் ஆராய்ச்சித் திட்டமும் கேட்டிருந்தால் காரணம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை கெடுபிடி ஏன் என்றால், பெயரை மட்டும் நம்பி ஏமாந்த கதைகள் நிறைய. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடத்திய 19 பேரும் முறையான விசாவில் வந்தவர்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்காணல் என்பது 2003-லும், விசாவுக்கு விரல் ரேகை என்பது 2004-க்குள்ளும் வந்தது அதன் பிறகுதான். 2009-ல் ஒரு நைஜீரிய இளைஞனின் தந்தையே அபுஜாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் மகனைப் பற்றி எச்சரித்தார். மகன் பெயரை எழுத்துப் பிழையோடு தேடியதால், அவனிடம் ஏற்கெனவே விசா இருப்பது தெரியாமல் போனது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தை வெடிக்க முயன்றவன் அவன்தான்.

மும்பைக்காரர்களுக்கு இது வெளியூர்க் கதை இல்லை. பாகிஸ்தான் வம்சாவளி அமெரிக்கனான தாவூத் கிலானி 2006-ல் டேவிட் கோல்மேன் ஹெட்லி என்று பெயரை மாற்றிக்கொண்டு, அந்தப் பெயரில் இந்திய விசா வாங்கித்தான், 2008 மும்பைத் தாக்குதலுக்காகத் தாஜ் ஓட்டலையும் சிஎஸ்டி ரயில் நிலையத்தையும் வேவு பார்த்தான். தார்தேவில் அவன் மறைப்புக்காக நடத்திய அலுவலகம் எது தெரியுமா? வெளிநாட்டுக் குடியேற்ற ஆலோசனை! விசா விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்ததை 2016-ல் மும்பை நீதிமன்றத்துக்குக் காணொளியில் அளித்த சாட்சியத்தில் அவனே ஒப்புக்கொண்டான். அவன் பிடிபட்டபின், 2009 இறுதியில், சுற்றுலா விசாக்காரர்கள் மறுபடி வர இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்று இந்தியாவும் விதி போட்டது. அப்பாவிப் பயணிகள்தான் அவதிப்பட்டார்கள். 2012-ல் பெரும்பாலோருக்கு அதை விலக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பெயர் விவகாரத்தில் நம்மவர்கள் பாடு தனி. குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால். சுப்பிரமணியனை ஆங்கிலத்தில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நான் அதிமேதாவித்தனமாகப் படிவத்தில் அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டேன். அண்ணன் போனில் வரி வரியாகப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரவோடிரவாகப் புதுப் படிவம், புது உறுதி எண். விசா வந்தபோது குடும்பப் பெயர் 'இசக்கியம்மாள்', முதல் பெயர் 'எஃப்என்யூ'. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. "யாருல இவ, எம் படத்துக்குப் பக்கத்துல?" என்று கேட்டார் அம்மா.

இப்போது உங்கள் விஷயம். 221(ஜி) சட்டப்படி மறுப்புதான், இணையத்திலும் 'மறுக்கப்பட்டது' என்றே காட்டும். பதறாதீர்கள், 214(பி) போல் அது கதவடைப்பு இல்லை. கேட்ட ஆவணங்களை ஒரே தவணையில், தாளில் சொன்ன வழியில் அனுப்புங்கள். பழைய பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், ஆய்வுக் கட்டுரை மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேறுபட்டால் இரண்டு வரி விளக்கம் சேருங்கள். சமூக ஊடகக் கணக்குகளின் பெயரை 2019 முதலே படிவத்தில் கேட்கிறார்கள், ஐந்தாண்டுக் கணக்கு. 2025 ஜூனிலிருந்து உங்களைப் போன்ற ஜே-1 காரர்கள் அவற்றைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும், டிசம்பரில் எச்-1பி என்கிற வேலை விசாவுக்கும் அதை நீட்டித்துவிட்டார்கள். பழைய கணக்கு ஒன்றை எழுத மறந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பதற்றத்தில் எதையும் அழிக்க வேண்டாம்.

போகும் பல்கலைக்கழகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு, சேரும் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள். விமான டிக்கெட்டை மட்டும், விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வாங்காதீர்கள்.