மானுக்கும் மூஸுக்கும் ஒரே வேட்டை ரைபிள் போதுமா?

அமெரிக்காவில் செட்டிலான நம்ம ஈரோட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது (மூஸ் என்பது அங்கே இருக்கும் ராட்சத மான் வகை). போதும். பல அளவு விலங்குக்கும் தோதான ரைபிள் என்றால், லேசான குண்டும் கனமான குண்டும் ஒரே குழலில் போட முடிவது. 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தர்ட்டி-ஆட்-சிக்ஸ் (.30-06) என்ற தோட்டா ரகத்தில் சுமார் 7 கிராமிலிருந்து 14 கிராம் வரை குண்டு கிடைக்கும். மானுக்கு 10 கிராம் தாராளம். மூஸ் மாதிரி பெரிய உருப்படிக்குத் தோல், எலும்பு தாண்டி ஆழமாக இறங்க வேண்டும், அதற்குக் கனம் தேவை. ஒரே டிராக்டரில் ஒன்பது கலப்பையும் மாட்டுகிறோம், கரும்பு டிரெய்லரும் மாட்டுகிறோமே, அப்படித்தான். ஆனால் குண்டை மாற்றினால் படும் இடமும் மாறும், குறியை மறுபடி சரிபார்க்கணும். முயலுக்கு மட்டும் வேண்டாம், கறியே மிஞ்சாது!

அப்புறம், லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் நம்மூர் மக்காச்சோளக் காட்டுப் பன்றியைச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். அது ஆயுதம் வைத்திருக்கத்தான் அனுமதி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாமாக வேட்டையாடுவது குற்றம்.